யூனிட் டெஸ்ட்டை சாதாரணத் தமிழில் மாற்றினால் யாருக்கும் புரியவில்லை, உதவி வேண்டும்

நடத்துனர்:
பேருந்து முன்பதிவு மென்பொருள், ஜாவா, டெஸ்ட் எழுத ஜேயூனிட் 5. யூனிட் டெஸ்ட் (கோடிங்கின் சிறு பகுதியைத் தனியாகச் சோதிக்கும் நிரல்) ஏகப்பட்டது இருக்கிறது, ஆனால் எல்லாவற்றுக்கும் டெஸ்ட்ரீஃபண்ட்1, டெஸ்ட்ரீஃபண்ட்2 என்றுதான் பெயர், எழுதியவரும் வேலையை விட்டுப் போய்விட்டார். கணக்குப் பிரிவினர் படித்துவிட்டு "ஆமாம், இதுதான் விதி" என்று சொல்கிற மாதிரி வேண்டுமாம். டெஸ்ட்டைச் சாதாரண வாக்கியமாக எழுத உதவும் குக்கும்பர் என்ற டூலுக்கு மாற்றினேன், இப்படி வந்தது:

கொடுக்கப்பட்ட புக்கிங் ஆப்ஜெக்டின் ஃபேர் 1000
எப்போது ரீஃபண்ட் சர்வீஸுக்கு 24 அனுப்பினால்
அப்பொழுது 850 வரும்

"24ன்னா என்னங்க?" என்று கேட்கிறார்கள். இதற்கு ஏதாவது டூல் உண்டா?

செமிகோலன்:
டெஸ்ட்டுக்குப் படிக்கிற மாதிரி பெயர் வைக்க ஜேயூனிட்டிலேயே டிஸ்ப்ளேநேம் இருக்கிறதே, குக்கும்பர் எதற்கு? டெஸ்ட் பெயரை வாக்கியமாக்கும் டூல்களும் உண்டு. டான் நார்த் 2006ல் பிடிடி (மென்பொருள் எப்படி நடக்கவேண்டும் என்பதை எளிய வாக்கியங்களில் எழுதி உருவாக்கும் முறை) பற்றி எழுதிய கட்டுரையே அஜைல்டாக்ஸ் என்ற அப்படியொரு டூலைப் பார்த்ததில்தான் தொடங்குகிறது. ஆனால் பெயரில் விஷயம் இருந்தால்தான் வாக்கியத்திலும் இருக்கும், டெஸ்ட்ரீஃபண்ட்2 என்பதை எந்த டூலும் காப்பாற்றாது.

பழைய டெஸ்டர்:
தம்பி, நீங்கள் கோடிங்கை வரிக்கு வரி சொல்லிக்கொண்டு போகிறீர்கள், விதி வெளியே வரவே இல்லை. ஒரு டெஸ்ட்டை மட்டும் பார்த்தால் வராது. பக்கத்து டெஸ்ட்களில் 23க்கும் 25க்கும் என்ன வருகிறது?

நடத்துனர்:
23க்கு 500. 25க்கு 850.

பழைய டெஸ்டர்:
அப்படியென்றால் மூன்றும் சேர்ந்து ஒரே விதி. புறப்பட 24 மணி நேரமோ அதற்கு மேலோ இருக்கும்போது ரத்து செய்தால் 15 சதவீதம் பிடித்தம், அதற்குக் குறைவென்றால் பாதி. இதைத் தலைப்பாக வைத்து மூன்று எண்களையும் கீழே எடுத்துக்காட்டு அட்டவணையில் போடுங்கள். ஆப்ஜெக்ட், சர்வீஸ், நல் (null) மாதிரி கோடிங் வார்த்தை எதுவும் வேண்டாம். மாக் (நிஜப் பகுதிக்குப் பதிலாக நிற்கும் போலி) வைத்து "இந்த மெத்தட் ஒருமுறை அழைக்கப்பட்டதா" என்று பார்க்கிற டெஸ்ட்களை அப்படியே விட்டுவிடுங்கள், அதில் கணக்குப் பிரிவுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அப்புறம், வரி "கொடுக்கப்பட்ட" என்று தொடங்குவது இடித்தால் அந்த இடத்தில் நட்சத்திரக் குறி போடலாம், குக்கும்பரின் மொழியான கெர்கின் ஏற்றுக்கொள்ளும்.

நடத்துனர்:
அட்டவணையைக் காட்டினேன், உடனே சண்டை! டிக்கெட்டின் பின்புறம் "24 மணி நேரத்துக்கு மேல்" என்றுதான் இருக்கிறதாம், சரியாக 24 என்றால் பாதிதான் தரவேண்டுமாம். டெஸ்ட் பச்சையாகத்தான் (பாஸ்) இருக்கிறது, இப்போது எதை எழுதுவது?

பழைய டெஸ்டர்:
நல்ல சண்டை, இதற்காகத்தானே மாற்றுகிறோம். பச்சை என்றால் கோடிங் இப்படி நடக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம், அதுதான் விதி என்று இல்லை. அந்த வரிசையைத் தனிக் காட்சியாக (சினாரியோ) ஆக்கி "முடிவாகவில்லை" என்று டேக் போட்டு வையுங்கள், அவர்கள் எழுத்தில் சொல்லும்வரை டெஸ்ட்டைத் தொடாதீர்கள்.

செமிகோலன்:
மணி நேரத்தை எப்படிக் கணக்கிடுகிறீர்கள்? ஜாவாவின் க்ரோனோயூனிட் ஹவர்ஸ் என்றால் நிமிடத்தை வெட்டிவிடும், 24 மணி 40 நிமிடமும் 24தான். அவர்கள் சொல்கிறபடி "24ஐ விடப் பெரியது" என்று மட்டும் மாற்றினால் அந்தப் பயணிக்கும் பாதிதான் கிடைக்கும். அட்டவணையில் 24:40 என்று ஒரு வரிசை சேர்த்து அதையும் கேட்டுவிடுங்கள்.

நடத்துனர்:
ஹவர்ஸ்தான். சேர்க்கிறேன்.