இடது பக்கம் மட்டும் வெக்கை: பெரிய செடான் காரில் ஏர்கோன், இருக்கை, கண்ணாடி உதவி தேவை

பால்மரத்து_மகன் (சுங்கை சிப்புட்):

வணக்கம் அண்ணன்களே, அக்காமார்களே. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்பு. தோட்டத்திலிருந்து ஈப்போவுக்குப் போய், நாலு மணி நேரம் அங்கே படுத்திருந்து, திரும்பி வர வேண்டும். சின்னக் காரில் காலை நீட்ட முடியாமல் சிரமப்பட்டார். அதற்காகவே போன வருடம் பழைய பெரிய செடான் ஒன்று வாங்கினேன். 2013 மாடல். இரண்டு பக்கமும் தனித்தனியாகக் குளிர் வைக்கும் ஏர்கோன், பின்னால் இருப்பவர்களுக்கு நடுவில் காற்றுத் துவாரம், மின்சார இருக்கை, பின் கண்ணாடிக்கு மின்சாரத் திரை, எல்லாம் உண்டு.

இரண்டு வாரத்துக்கு முன்பு பேட்டரி செத்துப்போய்ப் புதிது போட்டேன். அன்றிலிருந்துதான் தொல்லை. என் பக்கம், அதாவது வலது பக்கம், நல்ல குளிர். இடது பக்கம் முன்னாலும் பின்னாலும் வெதுவெதுப்பான காற்று. அம்மா எப்போதும் இடது பக்கம் பின்னால்தான் உட்காருவார். இப்போது எனக்குப் பின்னால் உட்கார வைக்கிறேன். ஆனால் எஞ்சினை நிறுத்தியதும் என் இருக்கை தானாகப் பின்னால் நகர்ந்து அவர் முழங்காலை இடிக்கிறது. கண்ணாடியும் ஒரே தட்டில் மேலே ஏறுவதில்லை, பொத்தானைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

ஒரு பட்டறையில் கம்ப்ரஸர் போய்விட்டது, 1,800 வெள்ளி (ரிங்கிட்) ஆகும் என்றார்கள். அந்தப் பணத்தை இந்த மாதம் என்னால் புரட்ட முடியாது. அம்மா "பரவாயில்லப்பா" என்றுதான் சொல்வார். ஆனால் முந்தானையால் விசிறிக்கொள்வது எனக்குக் கண்ணாடியில் தெரிகிறது. வழி சொல்லுங்கள்.

செம்பனைச்சாலை (பீடோர்):

தம்பி, ஏர்கோனைக் குளிர வைக்கும் கேஸ் குறைந்திருக்கும். எனக்கும் ஒரு பக்கம் மட்டும் சூடாகத்தான் வந்தது. கேஸ் ஏற்றியதும் சரியாகிவிட்டது. முதலில் அதைப் பாருங்கள்.

ஏர்கோன்_ஈப்போ:

தம்பி, 1,800 வெள்ளியை எடுத்து வைக்காதீர்கள். கம்ப்ரஸர் போயிருந்தால் வலது பக்கம் எப்படிக் குளிரும்? காருக்கு இருப்பது ஒரே கம்ப்ரஸர். அதுதான் இரண்டு பக்கத்துக்கும்.

பீடோர் அண்ணன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கேஸ் குறைந்தால் டாஷ்போர்டுக்குள் இருக்கும் குளிர்ச் சுருள் முழுதும் குளிராது, கேஸ் நுழையும் பக்கம் மட்டும் குளிரும். அதனால் ஒரு பக்கம் மட்டும் சூடாக வரலாம். ஆனால் கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் இல்லை, மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவைக் கண்டுபிடிக்காமல் ஏற்றிக்கொண்டே இருந்தால் காசுதான் போகும். பானட்டுக்கு அடியில் ஸ்டிக்கர் இருக்கும், எந்த கேஸ், எத்தனை கிராம் என்று அதிலேயே போட்டிருக்கும். நல்ல பட்டறையில் பழையதை உறிஞ்சி எடுத்து, எடை பார்த்து, அந்த அளவுதான் ஏற்றுவார்கள்.

ஆனால் பேட்டரி மாற்றிய அன்றே தொடங்கியது என்கிறீர்கள். அதனால் என் சந்தேகம் வேறு இடத்தில். இரட்டை ஏர்கோனில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு சின்னக் கதவு இருக்கும். குளிர்ந்த காற்றையும், எஞ்சின் சுடுதண்ணீர் ஓடும் ஹீட்டரில் பட்டு வரும் காற்றையும் எவ்வளவு கலக்க வேண்டும் என்று அந்தக் கதவு முடிவு செய்யும். அதைத் திருப்புவது கைக்குள் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் மோட்டார். மின்சாரம் அறுந்து திரும்ப வந்ததும், பல கார்களில் அந்த மோட்டார் இரண்டு முனைக்கும் ஓடித் தன் எல்லையை மறுபடி தேடும். பல் தேய்ந்த பழைய மோட்டார் அந்த ஓட்டத்தில் வழுக்கிப் பாதியில் நின்றுவிடும்.

நாளைக் காலை எஞ்சின் ஆறியிருக்கும்போது இரண்டு பக்கமும் லோவில் வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். காற்று முகத்துக்கு வரும்படி வையுங்கள், கால் பக்கம் வைத்தால் பல கார்களில் பின் துவாரத்துக்குக் காற்று சரியாகப் போகாது. முதல் சில நிமிடம் இடது பக்கமும் குளிர்ந்து, எஞ்சின் சூடு ஏற ஏறக் காற்றும் சூடானால், ஹீட்டர் காற்று கலக்கிறது, கதவுதான் காரணம். ஆரம்பத்திலிருந்தே குளிரவில்லை என்றால் கேஸ் பக்கம் போகலாம். அப்புறம் ரேடியோவை அணைத்துவிட்டு, இடது பக்கத்தை லோவிலிருந்து ஹைக்கு மாற்றி, கையுறைப் பெட்டிப் பக்கம் காது வைத்துக் கேளுங்கள். டிக் டிக் என்று சத்தம் வந்தால் சொல்லுங்கள்.

இன்னொன்று. டாஷ்போர்டின் மேலே, முன் கண்ணாடிக்குப் பக்கத்தில் சின்னக் கறுப்புக் குமிழ் இருக்கிறதா? அது வெயிலை அளக்கும் உணர்கருவி. சாமி சிலையோ பூச்சரமோ அதை மறைத்தால், ஏர்கோன் தானியங்கி (ஆட்டோ) முறையில் ஓடும்போது வெயிலே இல்லை என்று நினைத்துக் குளிரைக் குறைத்துவிடும்.

தெலுக்_இந்தான்_அக்கா:

தம்பி, இருக்கை பழுது இல்லை. ஓட்டுபவர் இறங்கச் சுலபமாக இருக்கட்டும் என்று பின்னால் போகும் வசதி அது. காரின் அமைப்புப் பட்டியலில் அதை அணைக்கலாம். பேட்டரி மாற்றியதில் பழைய அமைப்பு அழிந்து, அது தானாக வேலை செய்யத் தொடங்கியிருக்கும்.

கண்ணாடிக்கு: முழுதாகக் கீழே இறக்கி, பொத்தானை மேலே இழுத்துப் பிடித்து, மூடிய பிறகும் சில விநாடி பிடித்தே இருங்கள். பல கார்களில் இது போதும். அது சரியாகும் வரை பேரப்பிள்ளைகளைக் கண்ணாடிப் பக்கம் விடாதீர்கள். விரல் சிக்கினால் தானாக இறங்கும் பாதுகாப்பும் சேர்ந்தே போயிருக்கும்.

ஏர்கோன் சரியானதும் அம்மாவை இடது பக்கமே உட்கார வையுங்கள். சாலையோரம் இறங்கலாம், வண்டிகள் போகும் பக்கம் இறங்க வேண்டாம். முன் இருக்கையின் தோள் பக்கம் பொத்தான் இருக்கிறதா பாருங்கள். பெரிய செடான்களில் பின்னால் இருப்பவரே முன் இருக்கையை முன்னால் தள்ளிக்கொள்ள அது வைக்கப்பட்டிருக்கும். எங்கள் அப்பாவுக்குச் சுத்திகரிப்பு முடிந்து வரும்போது உடம்பு குளிரும், காற்று நேராகப் பட்டால் நடுங்குவார். அதனால் போகும்போது துவாரம் முகத்துக்கு, வரும்போது கூரைப் பக்கம். ஒரு போர்வையும் வைத்திருங்கள்.

பால்மரத்து_மகன்:

அண்ணே, நீங்கள் சொன்னபடியே செய்தேன். விடியற்காலை ஐந்து மணிக்கு ஸ்டார்ட் செய்ததும் இரண்டு பக்கமும் குளிர். எஞ்சின் சூடு காட்டும் முள் மேலே வர வர இடது பக்கம் சூடு. கையுறைப் பெட்டிக்குப் பின்னால் டிக் டிக் என்று தெளிவாகக் கேட்கிறது. முருகன் சிலையும் அந்தக் குமிழ் மேலேயேதான் இருந்தது, நடுவில் மாற்றி வைத்துவிட்டேன்.

அக்கா, கண்ணாடி சரியாகிவிட்டது. இருக்கை நகர்வதையும் அணைத்துவிட்டேன். பொத்தான் இருக்கிறது, இத்தனை நாள் அது எதற்கென்றே எனக்குத் தெரியாது. பின் திரை மட்டும் சில நேரம் தானாக இறங்குகிறது, அதுவும் பழுதா?

ஏர்கோன்_ஈப்போ:

ரிவர்ஸ் போட்டால் திரை இறங்கும், பின்னால் பார்க்க வசதியாக. பழுது இல்லை.

மோட்டார்தான் தம்பி. முதலில் ஸ்கேன் கருவி உள்ள பட்டறையில் எல்லையைப் புதிதாகப் பதியச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் சத்தம் வந்தால் பல் உடைந்திருக்கிறது, மாற்றியே ஆக வேண்டும். உங்கள் காரில் கையுறைப் பெட்டியைக் கழற்றினால் எட்டும் இடத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் டாஷ்போர்டைப் பிரிக்க விடாதீர்கள். பெட்டியைக் கழற்றும்போதே, உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் பில்டரையும் பாருங்கள். தோட்டத்துச் செம்மண் தூசி அதை எப்படி அடைக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

பின் இருக்கைக்கு வெயில் அதிகம் என்றால் நல்ல பிலிம் ஒட்டலாம். மலேசியாவில் 2019 மே மாதத்திலிருந்து பின் பக்கக் கண்ணாடிகளுக்கு இருட்டு வரம்பு கிடையாது. முன் கண்ணாடியில் 70 சதவீதம், முன் கதவுக் கண்ணாடிகளில் 50 சதவீதம் வெளிச்சம் உள்ளே வர வேண்டும், அதை மீறாதீர்கள். இருட்டுக்கு மட்டும் காசு கொடுக்காமல், வெப்பத்தை எவ்வளவு தடுக்கும் என்று கேட்டு வாங்குங்கள்.

பால்மரத்து_மகன்:

அண்ணே, வேலை முடிந்தது. பதிந்து பார்த்தும் சத்தம் நிற்கவில்லை. மோட்டாரைக் கழற்றினால் உள்ளே சக்கரத்தில் இரண்டு பல் உடைந்திருந்தது. மோட்டாரும் கூலியும் சேர்த்து 240 வெள்ளி. பில்டரில் காய்ந்த இலையும் தூசியும் ஒரு கை நிறைய வந்தது, அதையும் மாற்றினேன். துவாரத்தில் வெப்பமானி வைத்தேன்: இடது 8 டிகிரி, வலது 8 டிகிரி.

இன்று அம்மா இடது பக்கம் உட்கார்ந்தார். பொத்தானைக் காட்டிக் கொடுத்தேன். முன் இருக்கையை அவரே தள்ளி, காலை நீட்டிக்கொண்டார். திரும்பும்போது அக்கா சொன்னபடி துவாரத்தை மேலே திருப்பி, போர்வை போர்த்திவிட்டேன். சிம்மோர் வருவதற்குள் தூங்கிவிட்டார். பிலிம் சனிக்கிழமை ஒட்டப் போகிறேன்.