குவியலில் எடுத்த கிண்ணங்களின் அடியில் எஸ் விரிசல்: பட்டவர்கள் சொல்லுங்கள்

சக்கரமேடு:
சக்கரத்தில் ஒரே பெரிய மண் குவியலின் உச்சியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்த ஆறு கிண்ணம், நாலில் அடியில் அதே எஸ் வடிவ விரிசல். 1000 டிகிரி பிஸ்க்கில் (கிளேஸ் இல்லாத முதல் சூளையில்) கண்ணில் படவே இல்லை. கிளேஸ் (கண்ணாடிப் பூச்சு) போட்டு 1220 போய் வந்ததும் வாயைப் பிளந்து நிற்கிறது. விளக்குக்கு நேரே பிடித்தால் பிளவு வழியே மெல்லிய கீற்றாக வெளிச்சம். அதுதான் உறுத்துகிறது.

தோல்பதம்:
குவியலில் எடுத்தால் வரும், புதுசில்லை. சுவரை இழுக்கும்போது மண் அழுந்துகிறது, அடி அழுந்துவதில்லை. அழுந்தாத இடம் கூடுதலாகச் சுருங்கும். விரலால் விளிம்பிலிருந்து நடுவுக்கு மூணு நாலு தடவை அழுத்துங்க. தேங்கின தண்ணியை ஸ்பான்ஜில் ஒத்தி எடுங்க.

சாம்பல்கிளேஸ்:
எதற்கெடுத்தாலும் அழுத்தம்! தோல்பதம் சொல்வதில் பாதிதான் சரி. விளிம்பு முதலில் காய்ந்து இறுகிவிடும். ஈர அடி பிறகு சுருங்கப் பார்க்கும், சுவர் விடாது, நடுவில் கிழியும். சுவர் 5 மி.மீ., அடி 12 என்றால் எத்தனை தடவை அழுத்தினாலும் வீண். விளிம்பைப் பிளாஸ்டிக்கால் மூடி வையுங்கள், மண் தோல் மாதிரி பாதி இறுகின பதம் வந்ததும் கவிழ்த்துவிடுங்கள்.

கேட்கவில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். எப்போது விரிந்தது என்று விளிம்பே சொல்லும், நகத்தால் தடவுங்கள். கிளேஸ் உருண்டு மழுங்கியிருந்தால் அது உருகுவதற்கு முன்பே விரிந்தது. கத்தி மாதிரி கூர்மையாக அறுபட்டிருந்தால் ஆறும்போது வெடித்தது. 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் சட்டென்று சுருங்கும், அதைச் சுற்றி அவசரமாக ஆறவிட்டால் இந்த வம்பு. சூடு 100-க்குக் கீழே இறங்காமல் கதவைத் திறக்காதீர்கள். அப்புறம், பிஸ்க் விரிசலில் களிக்குழம்பை அப்புவதை நிறுத்துங்கள். பானை ஏற்கெனவே காய்ந்து சுருங்கியது, அப்பிய ஈரக்களி இனிமேல்தான் சுருங்கும், விலகிக்கொண்டு உதிரும். கிளேஸும் அடைக்காது, பிளவின் இரண்டு பக்கமும் சுருண்டு நிற்கும்.

தோல்பதம்:
காயவைப்பது தேவையில்லை என்று யார் சொன்னது? ஒரே மாதிரி காயவைத்தும் குவியல் கிண்ணத்தில் எஸ் வரும். ஒரு கிண்ணத்துக்கு ஒரு உருண்டை என்று தனித்தனியாக வைத்து எடுத்தால் ஏன் குறைகிறது? மண்ணைச் சக்கரத்தின் நடுவுக்குக் கொண்டுவரும்போதே அது சக்கரத்தட்டில் அழுந்துகிறது. குவியலில் அடிக்குக் கீழே மண்தான், அழுத்தம் உள்ளே போய்விடும்.

சக்கரமேடு:
நகம் வைத்தால் நாலிலும் மழுங்கல். ஒன்றைச் சுத்தியலால் உடைத்து அளந்தால் சுவர் 4, அடி 11. பிளவின் உட்பக்கம் முழுக்கக் கிளேஸ் வழிந்து பளபளக்கிறது.