தீவுக் கரையில் எதை எடுப்பது, எதை விடுவது: மன்னார் வளைகுடா அனுபவங்கள்

மண்டபம், சுற்றுலா வழிகாட்டி:

கடற்கரையைச் சுத்தம் செய்ய வெளியூர்க் குழுக்கள் நிறைய வருகின்றன. நல்ல காரியம். ஆனால் இங்கே எடுக்கக் கூடாததை எடுத்தாலும், இழுக்கக் கூடாததை இழுத்தாலும் குப்பையைவிட அதிகக் கெடுதல் வரும். கரையிலும் பாரிலும் (கடலடிப் பவளப்பாறையிலும்) என்னென்ன எதிர்ப்படும், எப்படிக் கையாள வேண்டும் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

தொடக்கமாக இரண்டு விஷயம். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் உள்ள 21 தீவுகளும் 1986-ல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருபவை. படகு கிடைத்துவிட்டது என்று எந்தத் தீவிலும் இறங்க முடியாது, வனத்துறை அனுமதி வேண்டும். சுற்றிப்பார்க்க மட்டும் என்றால் வனத்துறையே நடத்தும் குருசடைத் தீவுப் படகுச் சவாரி இருக்கிறது, பாக் நீரிணைப் பக்கம் காரங்காடு அலையாத்திக் காடு இருக்கிறது.

இன்னொன்று காற்று. கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளித்து, குப்பை தெற்குக் கரையில் ஏறும். வாடை (வடகிழக்குக் காற்று) திரும்பினால் வடகடல் (பாக் நீரிணை) பக்கம் ஏறும். கச்சான் நடுவில் தெற்குக் கரையைப் பெருக்கினால் அடுத்த வாரமே பழையபடி கிடக்கும். தெற்குக் கரைக்குப் புரட்டாசிக் கடைசி நல்லது. வடக்குக் கரைக்கு வாடை ஓய்ந்த பிறகு, மாசி வாக்கில். ஆனால் அப்போது ஆமை முட்டைக் காலம். அதைத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

பாம்பன், நாட்டுப்படகு:

பெரிய தொல்லை அறுந்த வலைதான். பார்ல சிக்குன வலையை எடுக்க முடியாமத்தான் விட்டுட்டு வர்றாங்க, வேணும்னு யாரும் விடுறதில்ல. விட்ட வலை சும்மா கிடக்காது. மாட்டுன மீனைத் திங்க நண்டு வரும், அதுவும் மாட்டும், அதைத் தேடி இன்னொண்ணு வரும். தங்கூசி (ஒத்தை இழை நைலான்) வலை மக்கவே மக்காது.

படகுல கயிறு கட்டி இழுக்கவே கூடாது. வலையோட மான்கொம்புப் பவளம் கிளை கிளையா உடைஞ்சு வந்துரும். முதல்ல அடிக்கயித்தைப் பாருங்க. அதுல ஈயக்குண்டு கோத்திருக்கும், அலைக்கு அலை அதுதான் பாரைத் தேய்க்குது. அதை ஒரு கை நீளத்துக்குத் துண்டு துண்டா வெட்டி மேல அனுப்பணும். அடுத்தது மிதவைக் கயிறு. மிதவையை முதல்ல வெட்டுனா வலை அப்படியே பார்மேல படுத்துரும், வேலை ரெட்டிப்பாகும். கடைசியா வலைக்கண்ணி. ஒவ்வொரு கிளையச் சுத்தியும் தனித்தனியா வெட்டணும்.

சில இடத்துல பவளம் நூல் மேலயே வளந்து மூடியிருக்கும். கிட்டப் போய்ப் பாத்தா பழுப்புக் கிளைக்குள்ள நூல் நுழைஞ்சு அந்தப் பக்கம் வெளிய வரும். அந்த நூலை உருவாதீங்க. ரெண்டு முனையையும் ஒட்ட வெட்டிட்டு, உள்ள இருக்குறதை விட்டுருங்க. கூர்க்கத்தி வேணாம், முனை மழுங்குன கத்தரிக்கோல் போதும். ஒருத்தர் வெட்ட, ஒருத்தர் வலைப்பையில போடணும். வெட்டுன வலையைக் கையில சுத்திக்கிட்டா ஆபத்து உங்களுக்குத்தான்.

பார் பல இடத்துல ஆளுயரத் தண்ணிகூட இல்லாம இருக்கும். நின்னுக்கிட்டு வெட்டலாம்னு தோணும். ஒரு மிதி போதும், வருஷக்கணக்குல வளந்தது நொறுங்கிரும். மிதந்துக்கிட்டே செய்யுங்க. நங்கூரத்தை மணல் பாத்துப் போடுங்க. தண்ணி கலங்கியிருந்தா அன்னைக்கு வேலையே வேணாம்.

தனுஷ்கோடி, ஆமைக் கண்காணிப்பு:

பாம்பன் அண்ணன் சொன்ன வலையில் ஆமையும் மாட்டும். துடுப்பைப் பிடித்துத் தூக்காதீர்கள், மல்லாக்கப் போடாதீர்கள். கழுத்து, துடுப்புப் பக்கம் நூலை வெட்டி, நிழலில் வைத்து, மூக்கை மூடாமல் ஈரத்துணி போர்த்துங்கள். அசைவில்லாமல் கிடந்தால் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பின்பக்கத்தை ஒரு சாண் உயர்த்தி வைத்தால் நுரையீரலில் ஏறிய தண்ணீர் வடியும், சில மணி நேரம் கழித்தும் உயிர் திரும்பலாம். சோர்ந்திருக்கும் ஆமையை உடனே கடலில் விட்டால் மூழ்கிவிடும். அது தேறுவதற்குள் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

மாசி விஷயம். பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) முட்டையிடும் குழி ஒன்றரை அடி ஆழம்தான், அதில் நூறு முட்டை இருக்கும், பொரிக்க 45 முதல் 60 நாள். முட்டைக் கால மாதங்களில் மணல்மேல் ஜேசிபி, டிராக்டர் ஏறக் கூடாது, முள்வாரி போட்டு வாரக் கூடாது. கையால் பொறுக்குங்கள். ஆமை ஏறி இறங்கிய தடம் கண்டால் மிதித்து அழிக்காதீர்கள், குழியைத் தேட அந்தத் தடம்தான் வழி. அடப்பங்கொடியையும் இராவணன் மீசையையும் களை என்று பிடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மணலைப் பிடித்து வைத்திருப்பதே அவைதான். உள்ளே சிக்கிய பாலிதீனை மட்டும் உருவுங்கள்.

சின்னப்பாலம், பாசி எடுக்கும் குழு:

கரையில் ஒதுங்கிய பாசியையும் கடற்புல்லையும் மூட்டை கட்டித் தூக்காதீங்க. அது குப்பை இல்லை. அதுக்குள்ள பூச்சியும் சின்ன நண்டும் இருக்கு, உள்ளான் குருவிக்கு இரை அதுதான். மட்கி மணலுக்கு உரமாகும். பாசியை உதறி, பிளாஸ்டிக்கை மட்டும் எடுங்க.

கப்பாபைகஸ் பாசி மட்டும் வேற கணக்கு. அது நம்ம கடல் பாசி இல்லை, வளர்க்கக் கொண்டுவந்தது. குருசடைப் பவளத்தின் மேல் படர்ந்திருப்பது 2008-ல் பதிவானது. பவளத்தை மூடி வெளிச்சத்தைத் தடுத்துக் கொல்லும். விரல் நீளத் துண்டு போதும், அதிலிருந்தே புதுசா வளரும். அதனால் பிய்த்துத் தண்ணியில் விட்டுட்டு வந்தால் பரப்பிவிட்ட மாதிரி ஆயிரும். அடியோடு எடுத்து, தண்ணிக்குள்ளேயே நெருக்கக் கண்ணிப் பையில் போட்டுக் கட்டணும். கரையில் அலை தொடாத இடத்தில் காயவைக்கணும். நம்ம கடலில் விளையும் மரிக்கொழுந்துப் பாசிக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியாதவங்க கையே வைக்க வேணாம். பாசி எடுக்குற உள்ளூர்ப் பொம்பளையாள் ஒருத்தரைக் கூட்டிக்கிட்டுப் போங்க.

செருப்பில்லாமல் இறங்காதீங்க. காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால் திருக்கை விலகிப் போகும். குத்திட்டால் தாங்கும் சூட்டில் வெந்நீரில் காலை வைத்து, ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க.

ராமேஸ்வரம், திடக்கழிவுப் பணி:

தனுஷ்கோடியில் சாப்பிட்ட தட்டையும் குழந்தை டயப்பரையும் மணலில் புதைப்பதைச் சுத்தம் என்று நினைக்கிறார்கள். அந்த மணலுக்குள்தான் மழைத்தண்ணீர் தேங்கி, உப்புநீர்மேல் மிதந்து நிற்கிறது. அங்குள்ள குடும்பங்கள் சில அடி தோண்டி எடுக்கும் குடிநீர் அதுதான். மீன் வறுவல் மிச்சத்தைப் போட்டால் நாயும் காக்கையும் சேரும், அடுத்து அவை தோண்டுவது ஆமைக் குழியை. 2025-ல் அறிவித்த பூநாரைச் சரணாலயமும் அங்கேதான். ஆழமில்லாத தண்ணீரில் கூட்டமாக மேயும் பூநாரைகளை நெருங்கிப் பறக்கவிட்டால், இரை தின்னும் நேரம் போய்விடும்.

பிரிக்கும் முறைக்கு வருகிறேன். மணலோடு வரும் மூட்டையைப் பழைய பொருள் கடையில் வாங்க மாட்டார்கள். கரையிலேயே உதறுங்கள், நல்ல தண்ணீரில் ஒரு முறை அலசுங்கள். வலையில் நைலான் எது, பாலிதீன் எது என்று தெரியாவிட்டால் ஒரு துண்டை வாளித் தண்ணீரில் அமுக்கி, குமிழியை விரலால் நசுக்கி விடுங்கள். நைலான் மூழ்கும், பாலிதீன் கயிறு மிதக்கும். கலந்து போட்டால் இரண்டுக்கும் விலை இல்லை. தண்ணீர் பாட்டிலும் அப்படியே: பாட்டில் மூழ்கும் ரகம், மூடி மிதக்கும் ரகம், தனித்தனியாகப் போடுங்கள். தெர்மாகோல் மிதவையை உடைக்காமல் முழுசாகச் சாக்கில் போடுங்கள். உடைந்தால் அந்தச் சின்ன உருண்டைகளை யாராலும் பொறுக்க முடியாது.

அக்னி தீர்த்தக் கடலில் நீராடுபவர்கள் விடும் துணிதான் எங்களுக்குப் பெரிய பாரம். ஆடி அமாவாசை, தை அமாவாசை அன்று குவியும். பாலியஸ்டர் மக்காது. மணல் ஏறிவிட்டால் ஒரு சேலையை இழுக்க இரண்டு ஆள் வேண்டும். அன்றைக்கே, தண்ணீர் வற்றும் நேரத்தில், மூங்கில் கழியில் கொக்கி கட்டி எடுத்துவிட வேண்டும். தன்னார்வலர்கள் வருவதாக இருந்தால் அமாவாசைக்கு மறுநாள் வராதீர்கள். அமாவாசை அன்று மதியமே வாருங்கள்.