வெள்ளிக்கிழமை ஓட்டுப் போட நம் தெருப் பெரியவர்களை அழைத்துப்போக ஆள் வேண்டும்

அண்ணன், அக்கா, தம்பிகள் எல்லாருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் 19 அன்று மக்களவைத் தேர்தல். நம் தெருவில் தனியாக இருக்கும் வயதானவர்கள் சிலர் ஓட்டுப் போட ஆசைப்படுகிறார்கள், ஆனால் நடக்க முடியவில்லை. வீட்டிலிருந்தே தபால் ஓட்டுப் போடும் வசதி இந்த முறை 85 வயது தாண்டியவர்களுக்கும் குறைந்தது 40 சதவீதம் ஊனம் உள்ளவர்களுக்கும்தான். அதற்கான 12டி படிவம் கொடுக்கும் நாளும் முடிந்துவிட்டது. அதனால் வாக்குச்சாவடி இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு நாம்தான் கூட்டிப்போக வேண்டும்.

கார் வைத்திருப்பவர்கள் காலை 7 மணிக்கே வந்தால் ரொம்ப நல்லது, வெயில் ஏறினால் அவர்களால் தாங்க முடியாது. கட்சிக் கொடியோ ஸ்டிக்கரோ உள்ள வண்டி தயவுசெய்து வேண்டாம். யாருக்குப் போடுகிறார்கள் என்பது அவர்கள் விஷயம், வழியில் அந்தப் பேச்சே எடுக்க வேண்டாம்.

கண் சரியாகத் தெரியாத பாட்டி ஒருவர் இருக்கிறார். உள்ளே துணைக்குப் போக 18 வயது நிரம்பிய ஒருவர் வேண்டும். ஒருவர் அன்றைக்கு ஒருவருக்குத்தான் துணையாக இருக்க முடியும், ரகசியம் காப்பதாக எழுதியும் கொடுக்க வேண்டும்.

அப்புறம், வாக்காளர் அட்டை கிடைக்காதவர்கள் ஆதார், பான், படம் ஒட்டிய வங்கி பாஸ்புக் இதில் ஒன்றை எடுத்துவரலாம். பூத் சிலிப் மட்டும் போதாது. மடக்கும் சக்கர நாற்காலி யாரிடமாவது இருக்கிறதா? வர முடிந்தவர்கள் புதன்கிழமைக்குள் இங்கேயே சொல்லுங்கள்.