ஆர்சிஏ வழியாக ஏறும் ஆல்டர்னேட்டர் விசில்: வழி சொல்லுங்கள்

காரில் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் விசில் 4 சேனல் ஆம்ப் (ஸ்பீக்கர்களுக்கான ஆம்ப்ளிஃபையர்) வழியாக ஏறுகிறது. வால்யூம் சைபரில் இருந்தாலும் அதே சத்தம். சப்வூஃபரில் இல்லை, தாழ்ந்த ஒலியை மட்டும் விடும் லோ பாஸ் ஃபில்டர் அதை வெட்டிவிடுகிறது.

வண்டி 2017 டீசல் ஹேட்ச்பேக், ஊர் திருப்பூர். பின்சீட் முதுகில் 12 மிமீ பிளைவுட் பலகை, அதில் 4 சேனல் ஆம்பும் சப்வூஃபருக்கான மோனோ ஆம்பும். சப்வூஃபர் பெட்டிமேல் திருகினால் அதிர்வில் சால்டர் விட்டுப்போகலாம், அதனால்தான் தனிப் பலகை. 4 கேஜ் செம்பு கேபிள், பேட்டரியிலிருந்து 15 செமீயில் ஃப்யூஸ். போன ஞாயிறு செட் (டாஷ்போர்டு மியூசிக் பிளேயர்) ஓடும்போதே, அதிலிருந்து ஆம்புக்குப் பாட்டு போகும் ஆர்சிஏ கேபிளின் பின்னைப் பிடுங்கிச் செருகினேன், அன்றிலிருந்து இப்படி.

ஆம்பின் கிரவுண்ட் ஒயரை வண்டி உடம்போடு சேர்க்கும் போல்ட் அடியில் பெயின்ட் சுரண்டி, பல்வாஷர் போட்டு இறுக்கியாயிற்று. ஆர்சிஏவை பவர் கேபிளுக்கு எதிர்ப்பக்கம் இழுத்தும் மாற்றமில்லை. ஆம்பின் கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை)க் குறைத்தால் குறைகிறது, தீரவில்லை. ஆம்ப் முனையில் ஆர்சிஏவைக் கழற்றினால் முழு அமைதி.

முக்கியமானது இதுதான்: செட்டின் ஆர்சிஏ வெளிவளையத்துக்கும் அதே செட்டின் உலோக உடம்புக்கும் நடுவே மீட்டர் ஓப்பன் (தொடர்பே இல்லை) காட்டுகிறது, 0 ஓம் அருகே இருக்க வேண்டியது. மெல்லிய ஒயரால் இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் விசில் பெரும்பாலும் அடங்குகிறது.

செட்டின் உள்ளே ஆர்சிஏ வெளிவளையத்தைக் கிரவுண்டோடு சேர்க்கும் சிறு ஃப்யூஸ் போயிருந்தால், போர்டைத் திறந்து அதையே மாற்ற வேண்டுமா, இந்த ஒயரை நிரந்தரமாகச் சால்டர் செய்தால் போதுமா?