வாங்கிய வீட்டின் பின்பக்க நிலத்தில் பக்கத்து வீட்டாரின் தோட்டம்: என்ன செய்வது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். ஐந்து மாதங்களுக்கு முன்பு ஒரு தனி வீட்டை வாங்கிக் குடிவந்தோம். வீட்டுக்குப் பின்னால் ஏறத்தாழ 12 அடி அகலமும் 40 அடி நீளமும் கொண்ட ஒரு துண்டு நிலம் இருக்கிறது. பத்திரத்தின்படியும் அதனுடன் இணைத்துள்ள வரைபடத்தின்படியும் அது எங்கள் மனைக்குள்தான் வருகிறது. ஆனால் அதில் பாத்தி கட்டிக் காய்கறிச் செடிகள் வளர்த்து வருபவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். கம்பி வேலியில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு சிறிய கதவு வைத்திருக்கிறார்கள். விடியும் முன்பே அதன் வழியாக வந்துவிடுவார்.

வீட்டைப் பார்க்க வந்த இரண்டு முறையும் அந்தத் தோட்டத்தைப் பார்த்தோம். விற்றவர் வளர்க்கிறார் என்று நாங்களாகவே எண்ணிக்கொண்டோமே தவிர, யாரையும் கேட்கவில்லை. குடிவந்த மறுநாள் காலையில் சமையலறை ஜன்னலைத் திறந்தபோது, முன்பின் தெரியாத ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து களை பறித்துக்கொண்டிருந்தார். என் மனைவி பயந்துவிட்டார். அவர் நிமிர்ந்து பார்த்து, கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, "புதிதாக வந்தவர்களா, நல்லது" என்று சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார்.

முதல் இரண்டு மாதங்கள் நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகள் இருவரும் ஓடியாட அந்த இடத்தை விட்டால் வேறு இடமில்லை என்பதால், ஒரு நாள் மெதுவாகப் பேச்செடுத்தேன். "நீங்கள் வாங்கியது வீட்டை. இந்தத் தோட்டத்தை ஒன்பது வருடமாக நான் பார்க்கிறேன், இது என்னுடையது" என்றார். வீட்டை விற்றவரைத் தொலைபேசியில் கேட்டேன். சும்மா கிடந்த இடமாயிற்றே என்று வாய்மொழியாகச் செய்துகொள்ளச் சொன்னதாகவும், எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லை என்றும் அவர் சொன்னார். போன வாரம் பெரியவனின் பந்து விழுந்து கொடிப்பந்தலின் கால் ஒன்று முறிந்தது. அன்று ஏற்பட்ட வாக்குவாதத்துக்குப் பிறகு இரு வீட்டாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தோட்டத்தின் மூலையில் செங்கல் வைத்து அவர் கட்டிய ஓர் உரத் தொட்டியும் இருக்கிறது.

ஒரே இரவில் செடிகளைப் பிடுங்கிவிட்டு வேலிக் கதவைப் பூட்டிவிடு என்கிறார் என் அண்ணன். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒன்பது வருடம் பயிர் செய்ததால் அந்த நிலம் அவருக்குச் சொந்தமாகிவிடுமா? கதவைப் பூட்ட எனக்கு உரிமை உண்டா? இப்போது காய்த்து நிற்கும் செடிகளை என்ன செய்வது? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முதல் மறுமொழி

பூட்டாதீர்கள். செடிகளில் கை வைக்காதீர்கள். மற்றவற்றை நிதானமாகப் பார்க்கலாம். பல ஆண்டுகளாகச் சொத்து வழக்குகளோடு பழகியவன் என்ற முறையில் எழுதுகிறேன். இவ்வகை வழக்குகள் பலவற்றில், நிலத்துக்கு உரியவர் அவசரப்பட்டுச் செய்த ஒரு காரியமே அவருக்கு எதிரான முதல் சாட்சியாக வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

எந்த நாட்டிலிருந்து கேட்கிறீர்கள் என்று எழுதவில்லை. பிறர் நிலத்தை நீண்ட காலம் கைவசம் வைத்து அனுபவித்து வந்தால் அதற்கு உரிமை வருமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, தனியார் நிலத்தில் உரிமையாளருக்கு எதிராக 12 ஆண்டுகள் இடையறாமல், வெளிப்படையாக, தனக்கே உரியது என்று அனுபவித்து வந்தால் அத்தகைய கோரிக்கை எழலாம். இலங்கையில் 1871-ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அதற்குப் பத்து ஆண்டுகள் என்று வைத்திருக்கிறது. இங்கிலாந்தில் பதிவு செய்யப்பட்ட நிலமென்றால் பத்து ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு விண்ணப்பிக்கலாம். ஆனால் 2002-ஆம் ஆண்டின் சட்டப்படி உரிமையாளருக்கு அறிவிப்பு போகும், அவர் மறுத்தால் பெரும்பாலும் விண்ணப்பம் நிற்காது. மலேசியாவின் 1965-ஆம் ஆண்டு நிலச் சட்டம் இவ்வகை உரிமையை ஏற்பதில்லை. சிங்கப்பூரும் 1994 மார்ச் முதல் இதை நீக்கிவிட்டது.

உங்கள் விஷயத்தில் ஆண்டுக் கணக்கைவிட முக்கியமானது, அந்தப் பெரியவர் எப்படி உள்ளே வந்தார் என்பது. உரிமையாளர் அனுமதித்து உள்ளே வந்தவரின் அனுபவம், அந்த அனுமதியின் கீழ் நடக்கும் வரை, எத்தனை ஆண்டுகள் நீண்டாலும் எதிரிடை அனுபவமாக, அதாவது உரிமையாளருக்கு எதிராகத் தனக்கே உரியது என்று கொண்ட அனுபவமாக, ஆகாது. ஆகவே விற்றவர் தொலைபேசியில் சொன்ன அந்த ஒரு வாக்கியம் உங்களுக்குப் பெரிய பலம். அவர் நல்ல மனநிலையில் இருக்கும்போதே அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எந்த ஆண்டு, என்ன சொல்லி அனுமதித்தார், பணம் ஏதும் வாங்கினாரா என்பது இரண்டு பத்தி அளவில் தேதியோடும் கையொப்பத்தோடும் இருந்தால் போதும்.

இந்தியா என்றால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு, ஒருவர் தம் நிலத்தில் பிறருக்கு அனுமதி கொடுத்துவிட்டுப் பிறகு நிலத்தை விற்றால், வாங்கியவரை அந்த அனுமதி கட்டுப்படுத்தாது என்கிறது. அதற்காக மறுநாளே வெளியேற்றிவிடலாம் என்று எண்ணிவிடக் கூடாது. அதே சட்டத்தின் 63-ஆம் பிரிவு, அனுமதி ரத்தானவர் இடத்தை விட்டுச் செல்லவும் தம் பொருள்களை எடுத்துக்கொள்ளவும் நியாயமான கால அவகாசம் தர வேண்டும் என்கிறது. 60-ஆம் பிரிவு, அனுமதியை நம்பிச் செலவு செய்து நிலையான கட்டுமானம் எழுப்பியவரிடமிருந்து அனுமதியைத் திரும்பப் பெற முடியாது என்கிறது. நீங்கள் புதிதாக வாங்கியவர் என்பதால் 59-ஆம் பிரிவு உங்களுக்குத் துணை நிற்கும். ஆனாலும் அந்தச் செங்கல் தொட்டியைக் காட்டி எதிர்த்தரப்பு வாதம் வைக்கக்கூடும். அது சிமெண்டு பூசிக் கட்டியதா, வெறும் கல்லை அடுக்கியதா என்று பார்த்துப் படம் எடுத்து வையுங்கள்.

பூட்டுவதைப் பற்றி நான் இவ்வளவு கடுமையாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தியாவின் குறித்தவகைப் பரிகாரச் சட்டத்தின் (Specific Relief Act) 6-ஆம் பிரிவின்படி, சட்ட வழியில் அல்லாமல் அனுபவத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு அனுபவத்தைத் திரும்பப் பெறலாம். நிலம் யாருடையது என்ற கேள்வியே அந்த வழக்கில் முடிவாவதில்லை. உங்கள் பத்திரம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அங்கே அதை எடுத்துக் காட்டிப் பயனில்லை.

அவர் உங்களிடம் "இது என்னுடையது" என்று சொன்ன நாளைக் குறித்து வையுங்கள். அதுவரை அனுமதியின் கீழ் நடந்த அனுபவம், அன்று முதல் உங்களை மறுத்து நடப்பதாகப் பின்னால் சொல்லப்படலாம். நீங்கள் வாய் திறக்காமல் ஆண்டுகள் கடந்தால்தான் ஆபத்து. அதனால் நீங்களே உங்கள் பெயரில் அனுமதி கொடுங்கள். விசித்திரமாகத் தோன்றினாலும் இதைவிட நல்ல காப்பு இல்லை. நிலம் உங்களுடையது என்பதை இருவரும் ஒப்புக்கொள்வதாகவும், இன்ன தேதி வரை அவர் பயிர் செய்துகொள்ள நீங்கள் இசைவதாகவும் ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். அவர் மறுத்தால், அதே வாசகத்தைப் பெற்றுக்கொண்டதற்குச் சான்று கிடைக்கும் அஞ்சலில் அனுப்பிவிட்டு, உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள்.

இரண்டாம் மறுமொழி

எழுதுவதற்கு முன்பு அளந்துவிடுங்கள். நான் நில அளவை வேலையில் இருக்கிறேன். பத்திரத்தில் இருக்கும் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தொய்வான நாடாவால் வேலியிலிருந்து அளப்பதை அளவு என்று சொல்ல முடியாது. வேலி எல்லையின் மேல்தான் நிற்கிறது என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது. ஒரு மரத்துக்காக இரண்டடி வளைத்துப் போட்ட வேலி, மரம் போன பிறகும் அந்த வளைவோடே நின்றதைப் பார்த்திருக்கிறேன். பிறகு வந்தவர்கள் அந்த வளைவையே எல்லையாக நினைத்துப் பதினைந்து ஆண்டுகளாகச் சண்டையிட்டு வந்தார்கள்.

உரிமம் பெற்ற அளவையாளரை அழைத்து, பழைய எல்லைக் கற்கள் இருந்தால் அவற்றிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். அளக்கும் நாளைப் பெரியவருக்கு முன்கூட்டியே தெரிவித்து, அவர் பக்கத்திலிருந்தும் ஒருவர் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இருவர் கண் முன்னால் ஊன்றிய கல்லைப் பிறகு யாரும் மறுக்க முடியாது. அளவு உங்களுக்குச் சிறிது பாதகமாக வந்தாலும் ஏற்கும் மனத்தோடு அளக்கச் சொல்லுங்கள்.

மூன்றாம் மறுமொழி

நான் அந்தப் பெரியவரின் இடத்தில் இருந்தவள். ஏழு ஆண்டுகள் பக்கத்து மனையில், உரியவரின் அனுமதியோடு தோட்டம் போட்டேன். மனை கைமாறியது. புதிதாக வந்தவர்கள் ஒரு நாளும் நேரில் வந்து பேசவில்லை. முதலில் வந்ததே வழக்கறிஞர் கடிதம்தான். நிலம் அவர்களுடையது என்பதில் எனக்கு ஒருபோதும் சந்தேகம் இருந்ததில்லை. இருந்தும் அந்தக் கடிதத்தைப் படித்த கோபத்தில் "என்னுடையது" என்று நானும் சொன்னேன். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பின்னால் பல நாள் யோசித்திருக்கிறேன்.

முதல் ஆண்டு முழுவதும் நான் அந்த நிலத்தில் கல் பொறுக்கினேன். மண்ணைச் சல்லடையில் போட்டுச் சலித்து, கட்டடம் கட்டியவர்கள் விட்டுப்போன ஓட்டுத் துண்டுகளையும் கண்ணாடிச் சில்லுகளையும் கூடை கூடையாக வெளியே கொட்டினேன். மூன்றாம் ஆண்டில்தான் மண் கறுத்து, கையில் எடுத்தால் உதிர ஆரம்பித்தது. விட்டுக் கொடுக்கும்போது செடிகளைப் பற்றி நான் அவ்வளவு வருந்தவில்லை, மண்ணை விட்டு வருவதுதான் தாங்க முடியவில்லை. உங்கள் பெரியவரும் ஒன்பது வருடம் என்று சொல்லும்போது அந்த மண்ணைத்தான் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆகையால் முதல் மறுமொழி எழுதிய ஐயா சொன்ன கடிதம் அவசியம்தான் என்றாலும், முதல் நாளே காகிதத்தோடு போகாதீர்கள். வெறுங்கையோடு போய், முறிந்த பந்தல் காலுக்கு வருத்தம் தெரிவித்துவிட்டு, அந்த மண்ணை அவர் எப்படி ஆக்கினார் என்று கேளுங்கள். காய்த்து நிற்கும் செடிகள் எப்படியும் மூன்று நான்கு மாதத்தில் ஓய்ந்துவிடும். அதுவரை விட்டுவிட்டு, புதிய விதை போட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்ளலாம். பல ஆண்டுச் செடிகள் இருந்தால், இப்போதே வேரைச் சுற்றி வட்டமாக மண்வெட்டியால் வெட்டிவிட்டு, சில வாரங்கள் விட்டு, வெயில் தணிந்த பருவத்தில் மண் உருண்டையோடு பெயர்த்து நட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். மேல்மண்ணையும் தொட்டியிலுள்ள உரத்தையும் தம் வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளைகள் விளையாடுவதற்கு அந்தக் கறுத்த மண் தேவையில்லை. எனக்கு அதை யாராவது சொல்லியிருந்தால் ஒரு வார்த்தையும் பேசாமல் வந்திருப்பேன்.

முதல் மறுமொழி எழுதியவர்

அம்மா சொல்வது சரி. பேச்சு முதலில், காகிதம் அடுத்து. ஒரே ஒரு எச்சரிக்கை: பேச்சு நன்றாக முடிந்துவிட்டது என்ற நிம்மதியில் காகிதத்தை மறந்துவிடாதீர்கள். ஒரு மாதத்துக்குள் கையொப்பம் ஆகிவிட வேண்டும்.

கேள்வி கேட்டவர், ஆறு வாரங்களுக்குப் பிறகு

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நானும் பெரியவனும் ஒரு மாலையில் போனோம். முறிந்த காலுக்குப் பதிலாக ஒரு புதிய கழியை எடுத்துப் போயிருந்தான். பெரியவர் ஒன்றும் பேசாமல் அதை வாங்கி நட்டு, கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளும்படி அவனிடம் கொடுத்தார். பிறகு உரத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினோம். வீடு விற்பனைக்கு வந்தபோது அந்தத் துண்டை மட்டும் தாம் வாங்கிக்கொள்ளக் கேட்டதாகவும், பழையவர் பதில் சொல்லாமலேயே விற்றுவிட்டதாகவும் சொன்னார். இது எங்களுக்குத் தெரியாது.

அடுத்த வாரம் அளவையாளர் வந்தார். வேலி நேராக இல்லை. வடக்கு மூலையில் ஒன்றரை அடி அவர் பக்கம் தள்ளி நிற்கிறது, அதாவது நாங்கள் எங்களுடையது என்று நினைத்திருந்ததில் ஒரு முக்கோணம் அவருடையது. அவருடைய மகன் முன்னிலையில் கல் ஊன்றினோம்.

கடிதம் எழுதி எடுத்துப் போனபோது மகன்தான் வாசித்துக் காட்டினார். "கட்டணமின்றி" என்ற சொல் வந்த இடத்தில் பெரியவர் நிறுத்தச் சொன்னார். தாம் யாரிடமும் இலவசமாக எதையும் வாங்கவில்லை, அந்த நிலத்தைத் திருத்தியவர் தாம் என்றார். அந்தச் சொல்லை அடித்துவிட்டு, "ஒன்பது ஆண்டுகள் அந்நிலத்தைப் பண்படுத்திப் பராமரித்தவர்" என்று அவர் பெயருக்கு முன்னால் சேர்த்தோம். நிலம் எங்களுடையது என்ற வாக்கியத்தையும் பயிர் ஓயும் தேதியையும் அவர் மாற்றச் சொல்லவில்லை. இருவரும் கையொப்பமிட்டோம். விற்றவரின் கடிதமும் வந்துவிட்டது.

இப்போதும் விடியற்காலையில் வருகிறார். கதவருகே நின்று ஒரு முறை கூப்பிட்டுவிட்டு நுழைகிறார். மேல்மண்ணைச் சிறிது சிறிதாகத் தம் பக்கத்து முக்கோணத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார். தள்ளுவண்டியைப் பிடிக்கப் பெரியவனும் போகிறான். உரத் தொட்டி சிமெண்டு பூசிக் கட்டியது, பெயர்த்து எடுக்க முடியாது. அதை இடிப்பதா, நாங்களே வைத்துக்கொண்டு அதற்கு ஆன செலவை அவருக்குக் கொடுப்பதா என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. மகனோடு பேசிவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.