பத்தரை அடி ஸ்லாபுக்கு 12 அடி ஏணி: அடி ஏன் நழுவுகிறது?

கேள்வி: தரையிலிருந்து ஸ்லாப் மேல்மட்டம் பத்தரை அடி. சைட்டில் இருப்பது 12 அடி அலுமினிய ஏணி. பாதி ஏறும்வரை அசைவதில்லை, உச்சிக்குப் போனதும் அடி நழுவுகிறது. கீழே ஒரு சித்தாள் பிடித்துக்கொண்டால் போதுமா? யாராவது விழுந்துவிட்டால் முதலில் என்ன செய்வது?

பதில்: போதாது சார். ஆள் மேலே போகப் போக ஏணியின் தலை சுவரை அதிகம் அழுத்தும், அதே அளவுக்கு அடி வெளியே தள்ளப்படும். பாதியில் நின்ற ஏணி உச்சியில் நழுவுவது இதனால்தான். மணலோ சிமெண்ட் தூசியோ இருந்தால் ரப்பர் புஷ் பிடிக்காது, பெருக்கிவிட்டு வையுங்கள். ஏணியின் அடியைச் சுவரிலிருந்து உயரத்தில் கால் பங்கு தள்ளி வைக்க வேண்டும், உங்களுக்குச் சுமார் 2 அடி 8 அங்குலம். அப்படி வைத்தால் உங்கள் ஏணி ஸ்லாபுக்கு மேல் ஓரடிதான் நீளும். மூன்றடி வேண்டும், இல்லையென்றால் ஸ்லாபில் கால் வைக்கும் நொடியில் கைக்குப் பிடி இருக்காது. 14 அடி ஏணி வாங்குங்கள். தலைப்பக்கம் இரண்டு கம்பையும் பில்லர் கம்பியோடு கயிற்றால் கட்டுங்கள். கட்டி முடிக்கும்வரைதான் கீழே ஆள் பிடிப்பது.

பதில்: தலையில் சட்டியோடு ஏற விடாதீர்கள். ஒரு கை சட்டிக்குப் போய்விடும். கலவையைக் கப்பியில் ஏற்றுங்கள். ஈ.பி. லைன் பக்கம் அலுமினியம் வேண்டவே வேண்டாம், ஃபைபர் ஏணி எடுங்கள். மூங்கில், மர ஏணிக்குப் பெயிண்ட் அடித்தால் விரிசல் தெரியாது.

பதில்: விழுந்தவரைத் தூக்கி நிறுத்தி "நடந்து பார்" என்று சொல்லாதீர்கள். காலூன்றி விழுந்தால் குதிகால் எலும்பு நொறுங்கலாம். அப்படி நொறுங்கியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இடுப்புப் பக்க முதுகெலும்பும் உடைந்திருக்கும். குதிகால் வலியில் முதுகு வலி தெரியாமலே போகலாம்.

கேள்வி கேட்டவர்: கால் மட்டும் வீங்கி, நன்றாகப் பேசினால் ஆட்டோவில் கொண்டுபோகலாமா அண்ணா?

பதில்: வேண்டாம் தம்பி. ஆட்டோவில் உட்கார வைத்தால் உடைந்த முள்ளெலும்பு மடங்கி நரம்பை அழுத்தலாம். படுத்த நிலையிலேயே வைத்து 108ஐக் கூப்பிடுங்கள். நகர்த்தியே ஆக வேண்டுமென்றால் ஒருவர் தலையைப் பிடிக்க, மூன்று பேர் தோள், இடுப்பு, கால் மூன்றையும் ஒரே நேரத்தில் புரட்டிப் பலகையில் ஏற்றுங்கள். ஆபரேஷன் தேவைப்படலாம், தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள். எண்ணெய் போட்டு நீவுவதும் புத்தூர் கட்டும் கூடாது. மருத்துவமனையில் குதிகாலோடு முதுகுக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கால் மரத்தாலோ சிறுநீர் பிரியாவிட்டாலோ உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.